லயத்தை மறைக்கத் தெரிந்த லோகேஸ்வரி அக்கா

“பாப்பா, நீ இப்ப எங்க நிக்கிற?”

அன்றைக்கு இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு முன்னால் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. பின்னாலும் செம்பனை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே இடைவெளியில் ஒரே மாதிரி மரம். காலடியில் அப்பா முனகிக்கொண்டு கிடந்தார். கைபேசியில் கேட்டது எங்கள் பக்கத்து வீட்டு லோகேஸ்வரி அக்கா. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கெமாஸ் வட்டாரத்தில் கல்யாணம் என்றால் படம் எடுக்க அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் பழையதாக வாங்கிய பெரிய ட்ரோன் ஒன்று இருக்கிறது. அதில் லென்ஸைக் கழற்றி மாற்றலாம். சின்ன ட்ரோன்களில் கிட்ட இருப்பது, தூர இருப்பது எல்லாம் ஒரே தெளிவாக விழுந்துவிடும். அக்கா நீள லென்ஸை மாட்டி, அதில் வெளிச்சம் நுழையும் துளையை முழுக்கத் திறந்து, ட்ரோனை ஜோடிக்கு எதிரே தாழ்வாக நிறுத்துவார். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் துலக்கமாக இருப்பார்கள். பின்னால் உள்ளதெல்லாம் கரைந்து வெறும் நிறமாகிவிடும்.

ஜோடிகள் கேட்பதும் அதைத்தான். தோட்டத்தின் பசுமை வேண்டும். ஆனால் தொழிலாளர்களின் பழைய வரிசை வீடுகளான லயம் வேண்டாம். “அக்கா, பின்னால லயம் தெரியக்கூடாது.”

“உங்க அப்பா அம்மா பொறந்த வீடுடா அது. தெரிஞ்சா கடிக்குமா?” என்பார் அக்கா. திட்டிக்கொண்டே லயத்தை மறைத்துக் கொடுப்பார்.

நான் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த சமயம். வீட்டில் உட்கார முடியாமல் அப்பா எங்கே கிளம்பினாலும் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொள்வேன். அன்று மாலை பெரிய சாலையில் போலிஸ் ரோட்பிளாக். எங்கள் மோட்டாருக்குச் சாலை வரி முடிந்திருந்தது. அப்பா சட்டென்று தோட்டத்துக்குள் திருப்பினார்.

“வழி தெரியுமாப்பா?”

“நான் பொறந்த தோட்டம்லா. கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்.”

“தொறந்துகிட்டே ஓட்டுங்க.”

அவர் பிறந்தபோது அது ரப்பர்க் காடு. பிறகு எல்லாவற்றையும் வெட்டி, மேட்டைப் படிப்படியாகச் செதுக்கிச் செம்பனை நட்டுவிட்டார்கள். அவருக்குத் தெரிந்த பாதை ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு மரப்பாலம் தாண்டினோம். அதற்குப் பிறகு எத்தனை முறை திரும்பினோம் என்று எனக்கு நினைவில்லை. ஒரு வளைவில் மழை அரித்த மண் சரிந்தது. மோட்டாரோடு பள்ளத்துக்குள் போனோம்.

எனக்குச் சிராய்ப்பு. அப்பாவின் கால் முழங்காலுக்குக் கீழே கோணலாகக் கிடந்தது. காற்சட்டை நனைந்துகொண்டே வந்தது. என் ஜாக்கெட் கையைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். அதுவும் நனைந்தது.

அவசர எண்ணைக் கூப்பிட்டேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். “எந்தப் பகுதி?” என்று அந்தப் பெண் மலாயில் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இடத்தை அனுப்பலாம் என்றால் டேட்டா வரவில்லை. வரைபடம் சாம்பல் நிறக் கட்டமாக நின்றது. பிளாக் எண் எழுதிய பலகை தேடி மேலே ஏறினேன். சில வரிசை தாண்டித் திரும்பிப் பார்த்தால், நான் வந்த வரிசை எது என்று தெரியவில்லை. கத்தினேன். அப்பாவின் குரல் நான் நினைத்த திசையிலிருந்து வரவில்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். பிறகு அவரை விட்டு நகரவில்லை.

அம்மா ஃபேக்டரி ஷிஃப்டில். கைபேசி லாக்கரில் இருக்கும். அப்போதுதான் அக்காவைக் கூப்பிட்டேன். பேசும்போது ரயில் ஊதியது.

“அது ஒனக்குக் கிட்ட கேக்குதா, தூரமா?”

“கிட்ட.”

“சரி. அப்பாவத் தூங்க விடாத.” இணைப்பு அறுந்தது.

அடுத்து நடந்ததை அக்கா பிறகு சொன்னார். தோட்ட வாசலில், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி அக்காவின் காரை மறித்திருக்கிறார். ட்ரோன் விட்டதற்காக முன்பே சண்டை போட்டவர்.

“மறுபடியும் ஒன் தும்பியத் தூக்கிட்டு வந்துட்டியா? இன்னிக்கு யாரு கல்யாணம்?”

“ரவிச்சந்திரன் அண்ணன் உள்ள விழுந்து கெடக்காரு.”

அப்பாவின் பெயரைக் கேட்டதும் சன்னாசி தடையைத் தூக்கிவிட்டு லாரிச் சாவியை எடுத்திருக்கிறார். தண்டவாளத்தை ஒட்டிய பகுதிக்கு இருவரும் போனார்கள். அதுவே பெரிய காடு.

ட்ரோன் சத்தம் கேட்டதும் எழுந்து கையை ஆட்டினேன். மட்டை இடைவெளியில் ஒரு கறுப்புப் புள்ளி. நேர் மேலே வந்தது. “அக்கா” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அது நிற்காமல் போய்விட்டது.

அதைவிடப் பெரிய பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. தேடி வராதவரைக்கும் நம்பிக்கை இருந்தது. பார்த்துவிட்டு இல்லை என்று போய்விட்டால்?

“கல்யாண வீட்டுல சுத்துற மாதிரியே சுத்துறா,” என்றார் அப்பா. உதடு வெளுத்திருந்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நான் கன்னத்தைத் தட்டினால் கண்ணை மட்டும் திறந்தார்.

அக்காவின் திரையில் நடந்தது இதுதான். முதலில் கேமரா தானாகவே மேல் மட்டைகளில் போய் ஃபோக்கஸ் பிடித்தது. ஒவ்வோர் ஓலையும் சீப்புப் பல் மாதிரி தெளிவு. அடியில் எல்லாம் இருட்டு. அக்கா ட்ரோனைத் திறந்த செம்மண் பாதைக்கு மேல் கொண்டுபோய், மரத்துக்கு மேல் பறக்கும் அதே உயரத்தில் நிறுத்தி, தரையில் ஃபோக்கஸ் வைத்துப் பூட்டினார். துளையை முழுக்கத் திறந்தார். கல்யாணத்தில் பின்னால் இருப்பதைக் கரைத்தவர், இப்போது முன்னால் இருந்த மட்டையைக் கரைத்தார். ஓலைகள் பச்சைப் புகையாகி, அவற்றின் ஊடே தரையும் வெட்டிப்போட்ட மட்டைக் குவியலும் தெரிந்தன. அப்படித்தான் எங்கள் தலைக்கு மேல் வந்தார். ஆனால் நாங்கள் பள்ளத்தில் கிடந்தோம். அந்தத் தெளிவு பாதையின் மட்டத்துக்கு மட்டும்தான். எங்களையும் சேர்த்துக் கரைத்துவிட்டது.

“அந்த எடத்துல மட்டும் கீழ சேறு மாதிரி மங்கலா இருந்துச்சு,” என்றார் அக்கா. “அப்பறந்தான் ஒறச்சுது, அது பள்ளமா இருக்கும்னு.”

துளையைக் கொஞ்சம் மூடினால் தெளிவின் ஆழம் கூடும், பள்ளத்தின் அடியும் சிக்கும். ரொம்ப மூடினால் மட்டையும் தெளிவாகி மறைத்துக்கொள்ளும். அதோடு வெளிச்சம் குறையும். மழை மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. படம் மணல் தூவியது போலாகும் என்று தெரிந்தே கேமராவின் உணர்திறனை ஏற்றினார். துளையை அளவாக மூடினார். பேட்டரி கத்தத் தொடங்கியிருந்தது. திரும்பினார்.

இந்த முறை நான் கத்தவில்லை. குரல் இல்லை. அப்பாவின் வெள்ளை ஹெல்மெட்டை மட்டைக் குவியலின் மேல் வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன். சத்தம் வந்தது. நின்றது. நகரவே இல்லை. கொஞ்சம் கீழே இறங்கியது, மீண்டும் ஏறியது. தலையாட்டுவது மாதிரி இருந்தது.

பிறகு அதுவும் போய்விட்டது. பேட்டரி தீர்ந்துபோனது என்று எனக்கு எப்படித் தெரியும்? இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தது. அப்பாவின் முகத்துக்கு மேல் குனிந்து கிடந்தேன். லாரிச் சத்தமும், “பாப்பா, அங்கேயே இருலா” என்ற சன்னாசியின் குரலும் கேட்கும்வரை அவர் மூச்சை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் காலில் இப்போது இரும்புத் தகடு இருக்கிறது. வரும் தைப்பூசத்துக்குள் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அக்கா வழக்கம்போல லயத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார். நான் போனால் திரையில் பழைய படத்தைக் காட்டுவார்: பச்சைப் புகைக்கு அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதன் பக்கத்தில் நாங்கள். எனக்கு இன்னும் அதை நேராகப் பார்க்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது ட்ரோன் வைத்திருந்தால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். மரத்துக்கு அடியில் ஒருவரைத் தேடும் நாள் வந்தால், ஃபோக்கஸைக் கேமராவிடம் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மங்கலாகத் தெரியும் இடத்துக்கு இன்னொரு முறை திரும்பி வரச் சொல்லுங்கள்.