பின்சீட்டுக்காரி

அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது சாமான்களைப் பங்கு போட்டதில் தகராறே வரவில்லை. அம்மாவுக்கு நான், தையல் மெஷின், ஐஸ் பெட்டி. அப்பாவுக்கு மோட்டார். இந்தப் பங்கீட்டில் யாருக்கு லாபம் என்பதில் எனக்கு ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. ஏனென்றால் அந்த மோட்டார் லேசுப்பட்டதல்ல.

எங்கள் பக்கம் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான். ஆனால் மற்றவர்கள் வைத்திருந்த ஒல்லி வண்டிகளோடு அதைச் சேர்க்க முடியாது. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே ஜப்பானில் செய்த எழுநூற்றைம்பது சிசி வண்டி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தது. முன்னால் நெஞ்சு வரை மறைக்கும் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டிகள். நிறுத்தி வைத்தால் வயிறு நிறைய மேய்ந்துவிட்டு நிற்கும் எருமை மாதிரி இருக்கும். ஓய்வு பெற்ற ஒரு சீன டாக்டரிடமிருந்து அப்பா அதை வாங்கியிருந்தார்.

வாங்கிய நாளிலிருந்து அதை இருந்தபடி இருக்க விட்டதே கிடையாது. அவருக்குப் பாசிர் கூடாங் துறைமுகப் பட்டணத்தில் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, தனியாக ஓர் அறை. ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் தம்போய் என்ற ஊரில் ஒரு பட்டறையில் கிடப்பார். ஹேண்டிலை உயர்த்தினார். பனிக்கு மஞ்சள் விளக்கு போட்டார். கறுப்பாக இருந்ததை மெரூன் ஆக்கினார், பிறகு அந்த நிறத்தை வண்டிப் பத்திரத்தில் மாற்றுவதற்கு அரை நாள் லீவு போட்டு வரிசையில் நின்றார். இவ்வளவு பொறுமையை அம்மாவிடம் காட்டியிருந்தால் கதையே வேறு என்று மாமா சொல்வார். மாமா அம்மாவின் அண்ணன். பெக்கோக்கில் அவர் வீட்டில்தான் நாங்கள் இருந்தோம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவார். அவர் வருவதை ரயில் நிலையப் பக்கம் திரும்பும்போதே சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வேன். அந்தச் சத்தத்துக்காகவே நான் மீதி இருபத்தொன்பது நாளையும் ஓட்டினேன் என்று சொன்னால் மிகையில்லை. பள்ளியில் எனக்குப் பெரிய சிநேகிதம் இல்லை. மாமா வீட்டுப் பிள்ளைகள் என்னைவிட ரொம்பப் பெரியவர்கள். பேச ஆளில்லாத பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு பெரியது என்பது அப்படி இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பின்சீட்டு என்னுடையது. அதில் எந்தச் சந்தேகமும் கிடையாது. அம்மாவின் தையல் டேப்பைக் கேட்டு வாங்கி அப்பா என் முதுகையும் காலையும் அளந்துகொண்டு போனார். அடுத்த மாதம் வந்தபோது, குஷன் கடையில் கொடுத்து முதுகுக்குச் சாய்மானம் வைத்து, நான் கேட்ட சிவப்பு நூலில் ஓரம் தைத்துக் கொண்டுவந்திருந்தார். என் கால் எட்டுவதற்காகக் கால்மிதியையும் மேலே தூக்கி வெல்டிங் பண்ணியிருந்தார். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே லாபிஸ் வரைக்கும் போவோம். ரொட்டி சானாய் சாப்பிடுவோம். அப்பா அதிகம் பேசமாட்டார். நான் அந்த மாதம் முழுவதும் சேர்த்து வைத்ததை அவருடைய முதுகைப் பார்த்துக் கத்திக்கொண்டே வருவேன். காற்றில் பாதி போய்விடும், இருந்தும் அவர் தலையை ஆட்டுவார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள் அவசரப்பட்டு இறங்கியதில் எக்சோஸ் குழாய் பட்டு என் கெண்டைக்காலில் ஐம்பது காசு அளவுக்குச் சுட்டுவிட்டது. அப்பா பதறிப்போய்க் கடைக்காரரிடம் ஐஸ் வாங்கி வைத்தார். அம்மாவிடம் தானே சொல்வதாகச் சொன்னார். அவர் சொல்வதற்குள் அம்மா கிளினிக் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டார். அப்பா அப்போது வாசலில் மாமாவிடம் அகப்பட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா பாத்து எறக்கமாட்டாரா?"

அப்பாவைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதாக எனக்குப் பட்டது. நல்ல வக்கீல் மாதிரி வாதாடினேன்.

"அப்பா ரொம்ப கவனம்மா. ஒரு கையிலதான் ஓட்டுவாரு. இன்னொரு கையி என் முட்டிய புடிச்சிக்கிட்டே இருக்கும். நான் தூங்கிட்டாகூட விடமாட்டாரு."

அம்மா என் காலில் மருந்து தடவினார். வழக்கில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனில் ரொம்ப நேரம் பேசியதை நான் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். என் சீட்டைக் காணோம். சாய்மானம், சிவப்பு நூல், எதுவும் இல்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டியை இரும்புத் தட்டில் வைத்து முடுக்கியிருந்தார். கால்மிதியைக்கூட அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தை வழவழவென்று தேய்த்து மெரூன் அடித்திருந்தார்.

"என் சீட்டு எங்கப்பா?"

"கிழிஞ்சி போச்சிம்மா. பெட்டி வச்சா சாமான் கொண்டு வரலாம்ல."

"அப்ப நானு?"

அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வா, நடந்து போலாம். டௌன் பக்கந்தானே," என்றார்.

சீட்டு ஒரே மாதத்தில் கிழியாது என்று எனக்குத் தெரியும். அவருக்குப் பெட்டி வேண்டியிருந்தது, என்னை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தேன். வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமைத் தொடவில்லை, அது உருகி மேசையில் ஓடியது. அவர் முன்னால் அழக்கூடாது என்பதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. திரும்பி வந்து அவர் வண்டியில் ஏறியதும் சொன்னேன், "போங்க, போயி அந்தப் பெட்டிக்கிட்டயே பேசிக்கிட்டு போங்க."

அப்பா சிரித்தார். "சரிம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். பாசிர் கூடாங் போய்ச் சேர மூன்று மணி நேரம்.

அதற்கப்புறம் மாதா மாதம் எனக்கு வயிற்று வலி வந்தது, சரியாக அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும். அறைக்குள் படுத்துக்கொள்வேன். அப்பா வாசல் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பெட்டியிலிருந்து புத்தகப்பை, காலணி, ஒரு தடவை வண்ணப் பென்சில் என்று எதையாவது எடுத்து வைத்துவிட்டுப் போவார். ஒரு மாதம் வண்டியில் ரேடியோ பூட்டியிருந்தார், சத்தத்திலேயே தெரிந்தது. பார்த்தாயா, அவருக்குத் துணைக்கு ரேடியோ வந்துவிட்டது, நான் எதற்கு என்று தலையணையிடம் சொன்னேன். இப்படியே சில வருடங்கள் போயின. பிறகு கோபம் போய்விட்டது, பழக்கம் மட்டும் இருந்தது. பத்து வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாத அப்பாவும் பெண்ணுமாகிவிட்டோம்.

எனக்கு இருபத்துநான்கு வயதானபோது, நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்த அம்மாவிடம், அப்பா பெற்ற பிள்ளையைவிட வண்டியைத்தான் பெரிதாக நினைத்தார் என்று ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னேன். அம்மா கையை நிறுத்தினார்.

"நான்தான் போன்ல சொன்னேன், இனிமே பிள்ளைய அதுல ஏத்தாதீங்கன்னு. சண்ட போடுவாருன்னு பாத்தேன், போடல. பிள்ள வந்து கேட்டா முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது, சீட்ட கழட்டிர்றேன்னாரு."

மறுபடியும் ஒரு நெத்திலியை எடுத்துக்கொண்டு, "இன்னொன்னும் கேட்டாரு," என்றார். "நீதான் சொன்னேன்னு பிள்ளைக்குத் தெரிய வேணாம். அது தெனமும் உன் மூஞ்சில முழிக்கணும். எம்மேல கோவிச்சிக்கட்டும், நான் மாசத்துல ஒரு நாளு வர்றவன்தானேன்னாரு."

நெத்திலித் தலைகளைக் கூட்டித் தாளில் கட்டி வெளியே போட்டேன். அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள்.

ஒன்பது வயதில், அந்த அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்தபோதெல்லாம் நான் அப்பாவைத் தண்டித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அந்தத் தண்டனையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார் என்பதும், வாசலில் உட்கார்ந்து அதைத்தான் வாங்கிக்கொண்டு போனார் என்பதும் எனக்குத் தெரியாது.