சோலார் தகடும் கெங்கம்மா பாடும்

கெங்கம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. எண்ணூர் கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் தடவி இறால் பிடிப்பவள். புருஷன் போய் ஒன்பது வருடமாகிறது. காசிமேட்டில் அவளிடம் இறால் வாங்குகிறவன் நான். ஐஸ் இல்லாததால் கூடை வந்து சேர்வதற்குள் பாதி இறால் தலை கறுத்துவிடும். நானே பாதி விலைதான் கொடுத்திருக்கிறேன். நல்லவன் வேஷம் போட எனக்கு வராது.

அவள் ஊர் வடமேட்டுக்குப்பம். அங்கிருந்து பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். தலைக்கு மேலேயே பெரிய மின்கம்பிகள் போகின்றன. ஊருக்குள் மட்டும் கரண்ட் கிடையாது, பட்டா இல்லையாம். கல்மண்டபத்தில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். இந்த ஊரைத்தான் ஓர் அறக்கட்டளை 'தொலைதூரக் கிராமம்' என்று பட்டியலில் சேர்த்து, சோலாருக்குப் பணம் ஒதுக்கியது. கேட்டதும் அவளிடம் சொல்லிக் கத்தினேன். கெங்கம்மாவுக்கு அந்தப் பேச்செல்லாம் தேவையில்லை, ஐஸ் பெட்டி வந்தால் போதும்.

முதல் தவணையில் பன்னிரண்டு தகடுகள் வந்து தெருவிளக்கு எரிந்தது. ஊர் அவற்றை ஒழுங்காகப் பராமரிக்கிறது என்று அறக்கட்டளை அதிகாரி எழுதிக் கொடுத்தால்தான் இரண்டாம் தவணை, அதாவது பெரிய பேட்டரியும் ஐஸ் பெட்டியும். தகட்டின் மேல் விழுவதோ அனல்மின் நிலையத்துச் சாம்பல். காலையில் கழுவினால் மாலையில் அதில் விரலால் கோலம் போடலாம். அதனால் கழுவுகிற வேலைக்கும் பாடு வைக்கலாம் என்று சொன்னதே கெங்கம்மாதான். கழியில் எந்த வீடு எப்போது எங்கே வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வதற்குப் பெயர் பாடு. ஒருவர் பாட்டில் இன்னொருவர் கை வைத்தால் அது திருட்டு, ஒரு மாதம் கழியில் இறங்க முடியாது. வீட்டுக்கு ஒரு வாரம் என்று ஊர் ஒத்துக்கொண்டது.

அதிகாரி மனோகரன் பார்வையிட வந்த வாரம் பரசுராமன் பாடு. அவன் அம்மா செத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. சாவு வீட்டுப் பாட்டை யாரும் தொடுவதில்லை. நாலு நாள் சாம்பல் அப்படியே கிடந்தது. கெங்கம்மா அவன் வாசலில் போய் நின்றாள்.

"நைனா, இன்னிக்கி ஆபீசர் வரான். நான் கயுவி வுட்டுர்றேன்."

"எயவு வூட்ல வந்து இன்னா பேச்சு பேசறே யக்கா? எம் பாட்ல கை வெச்சே, மருவாதி கெட்டுடும்."

வைத்தாள். குடிக்க வைத்திருந்த நாலு குடம் லாரித் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன மனோகரன் வந்தது மூன்றரைக்கு. அதற்குள் காற்று திரும்பி, தகடுகள் மறுபடி சாம்பல் பூத்திருந்தன. அவர் ஒரு விரலால் தேய்த்துப் பார்த்து, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சார், காலைல தான் கயுவுனேன். தோ, அங்கேர்ந்து வந்துகினே கீது பாரு."

"அதெல்லாம் எங்க திட்டத்துல வராதும்மா."

'ஊர் மக்களுக்கு அக்கறை இல்லை' என்று எழுதினார். இரண்டாம் தவணை ரத்தானது. அன்று சாயந்திரமே ஊர்க்கூட்டம் போட்டு, கெங்கம்மா ஒரு மாதம் கழியில் இறங்கக் கூடாது என்றார்கள். அந்தத் தண்டனையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் பரசுராமன். அந்த மாதம் முழுக்க ராயபுரத்தில் ஒரு கொட்டகையில் தினக்கூலிக்கு இறால் உரித்தாள். அறக்கட்டளையையும் ஊரையும் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் உரித்துக்கொண்டே இருந்தாள்.

ஏழு மாதம் கழித்து மனோகரன் மறுபடி வந்தார், இந்த முறை போட்டோகிராபரோடு. பணம் கொடுத்தவர்களுக்கு அனுப்புகிற ஆண்டு மலருக்குப் பளபளவென்று படம் வேண்டுமாம். அன்று நானும் சரக்கெடுக்க அங்கே போயிருந்தேன். தகடுகள் சாம்பலில் மூடிக் கிடந்தன.

"யாராவது தண்ணி ஊத்துங்கப்பா. அஞ்சு நிமிஷ வேலை, ஐந்நூறு தரேன்."

ஒருவரும் அசையவில்லை. டிரைவரிடம் வாளியைக் கொடுத்துக் கழுவச் சொன்னார். வாளியைப் பிடித்து நிறுத்தியவன் பரசுராமன்.

"இந்த வாரம் கெங்கம்மா பாடு சார். நாங்களும் தொட மாட்டோம், நீயும் தொடக் கூடாது."

"சரி, அந்தம்மாவையே கழுவச் சொல்லு."

கெங்கம்மா மீன் அலசிக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"அக்கறை இல்லன்னு நீதானே சார் எய்தி குட்தே? இல்ல, போ."

படம் எடுக்காமலே வண்டி திரும்பியது. எனக்கு அன்று முழுக்க சந்தோஷம்.

ஆனால் ஐஸ் பெட்டி வரவில்லை, இனி வரவும் வராது. நேற்றும் அவள் கூடையில் பாதி இறால் தலை கறுத்துத்தான் இருந்தது. நான் முழு விலை கொடுத்தேன்.

"இன்னா, நீயும் உதவி பண்ணக் கெளம்பிட்டியா?" என்று கேட்டு, பாதிப் பணத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.