ஆர்வின் வைத்த பொறி

என் கணவர் ஆர்வின் யாரையும் நம்பமாட்டார். பால் லாரி ஓட்டுகிறவர். பண்ணையில் கேனைத் தூக்கும்போதே மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார், தண்ணீர் கலந்திருக்குமோ என்று. தேவாலய விருந்தில் யாராவது என் கேக்கைப் புகழ்ந்துவிட்டால் போதும், “அவளுக்கு உன்கிட்ட என்ன காரியம் ஆகணும்?” என்று வீடு வந்து சேரும்வரை குடைவார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த பொழுதுபோக்கோ சிற்றலை வானொலி. மினசோட்டாவில் எங்கள் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஈக்வடாரையும் கானாவையும் பிடிப்பார். என்ன கேட்டோம் என்று நிலையத்துக்கு எழுதினால், அவர்கள் ஒத்துப் பார்த்து, கேட்டது உண்மைதான் என்று ஓர் அட்டை அனுப்புவார்கள். சுவர் முழுக்க அந்த அட்டைகள்தான். எங்கள் கல்யாணப் படத்துக்கு அங்கே இடமில்லை. கேட்டுக் கேட்டு நானும் ஓய்ந்துவிட்டேன். ஆனால் சில நிலையங்கள் யார் எழுதினாலும் யோசிக்காமல் அட்டை அனுப்பிவிடும். ஒருவன் நிஜமாகவே கேட்டானா, சும்மா எழுதினானா என்பது அவனுக்கே வெளிச்சம்.

இந்தக் கிறுக்கு பிடித்தவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் மாத இதழை ஆர்வின்தான் தயாரித்தார். யார் எந்த நிலையத்தைக் கேட்டார் என்று உறுப்பினர்கள் அவருக்கு எழுதுவார்கள், அவர் அதை இதழில் போடுவார். அந்தக் குளிர்காலத்தில், அயோவாவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த டெல்மர் என்பவர் எல்லாரையும் முந்திக்கொண்டு போனார். வேறு யாருக்கும் எட்டாத நிலையங்கள் அவருக்கு மட்டும் கேட்டன.

“அவன் வீட்டுக்கு மேலயே மின்சாரக் கம்பி போகுது, லியோன். அந்த இரைச்சல்ல எப்படிக் கேக்கும்? புளுகுறான்” என்றார் என்னிடம்.

“உனக்குக் கேக்கலைன்னா உலகத்துல யாருக்கும் கேக்கக் கூடாதா?”

“நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சு பேசுறே?”

சங்கத் தலைவர் ராய்ஸ் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். அவருக்கும் டெல்மர் கண்ணில் விழுந்த தூசுதான். “ஆதாரம் மட்டும் கொண்டு வா ஆர்வின், ஜூன் மாசக் கூட்டத்துல அவனை வெளியே தள்ளிடலாம்” என்றார். மனைவி போன பிறகு டெல்மருக்கு அந்தச் சங்கத்தை விட்டால் நாதியில்லை.

ஆர்வின் பொறி வைத்தார். பொலிவியாவில் மலைமேல் ஒரு சுரங்க ஊரில் புதிய நிலையம், விடியற்காலையில் கேட்கும் என்று அலைவரிசையோடு இதழில் போட்டார். முழுப் பொய். அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. டெல்மர் கேட்டதாக எழுதினால் தொலைந்தார்.

முதல் கடிதம் ராய்ஸிடமிருந்து வந்தது. மெல்லிய புல்லாங்குழல், ஓர் ஆண் குரல், ஸ்பானிஷ் மொழி என்று எழுதியிருந்தார். ஆர்வின் தொடையைத் தட்டிச் சிரித்தார். அடுத்து இன்னும் இருவர் எழுதினார்கள். அவர்களுக்கும் புல்லாங்குழல்தான். ஆர்வின் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

டெல்மரிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. “பொறியை மோப்பம் பிடிச்சுட்டான், கள்ளன்” என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். பிறகு ஒருநாள் டெல்மரே தொலைபேசியில் அழைத்தார். நான்தான் எடுத்தேன்.

“ஆர்வின்கிட்ட சொல்லிடுங்க. அந்த பொலிவியா நிலையம் இல்லவே இல்ல. தினமும் கடை திறக்கிறதுக்கு முன்னாடி தேடிப் பார்த்துட்டேன். புதுசா சேர்ந்த பசங்க தூக்கத்தைக் கெடுத்துக்கப் போறாங்க, அடுத்த இதழ்ல திருத்திப் போடச் சொல்லுங்க.”

சொன்னேன். ஆர்வின் காபியைக் குடிக்காமலே எழுந்து நிலவறைக்குப் போனார்.

அதற்கடுத்த வாரம், விடிகிற நேரத்தில் கீழேயிருந்து கூப்பிட்டார். இதழில் போட்ட அதே அலைவரிசையில் வானொலி முள்ளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இங்க வா. இதைக் கேளு. புல்லாங்குழல்தானே?”

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். எண்ணெயில் எதையோ வறுப்பதுபோல ஓர் இரைச்சல், அவ்வளவுதான்.

“ஒண்ணுமில்லயே. இதை நீதானே இட்டுக்கட்டி எழுதினே?”

“தெரியும். நான்தான் எழுதினேன். ஆனா கேக்குது, லியோன். சத்தியமா கேக்குது.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தில் நான் பார்த்திராத பயம் அது. எழுந்துபோய்ச் சுவருக்கு முன்னால் நின்றார். ஓர் அட்டையைத் தொட்டார், அடுத்ததைத் தொட்டார். “இதுல எதை நிஜமாக் கேட்டேன்?” என்றார். அந்தச் சந்தேகப் பிராணியின்மேல் எனக்கு முதல்முறையாகப் பரிதாபம் வந்தது.

ஜூன் கூட்டம் பூங்காவில் நடந்தது. உருளைக்கிழங்கு சாலட்டைத் தின்றுகொண்டே ராய்ஸ் ஆரம்பித்தார்: “புளுகுற ஆளுங்களைப் பத்தி ஆர்வின் ஏதோ சொல்லணுமாம்.” டெல்மர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆர்வின் எழுந்தார். “அந்த பொலிவியா நிலையம் நான் கட்டிவிட்ட பொய். டெல்மரைப் பிடிக்கத்தான் வெச்சேன். அவன் ஒருத்தன்தான் அப்படி ஒண்ணு இல்லன்னு சொன்னான். அதைக் கேட்டவங்க மொத்தம் நாலு பேர்.”

“மூணு பேர்னு சொல்லு” என்று முணுமுணுத்தார், கடிதம் போட்டிருந்த இருவரில் ஒருவர்.

“நாலாவது நான்.”

ராய்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்போ உன் வீட்டுச் சுவத்துல தொங்குற அட்டையெல்லாம்?”

“அதுதான் ராய்ஸ். எனக்கே தெரியல.”