இருக்கிறதிலேயே மெதுவான பெட்டி

தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் எங்கள் சாறிக்கடைக்கு வந்து மிருணாளினியக்காவைக் கேட்பவர்கள் இரண்டு வகை. முதல் வகைக்குச் சாறிச் சட்டை தைக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு ஒன்றும் தைக்க வேண்டாம். துவக்குச் சுடுகிற மனிசியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால் போதும். இரண்டாம் வகை வந்தால் நான் கல்லாவில் இருந்தபடியே, "பார்க்கிறதுக்குக் காசில்லை, ஆனா வந்ததுக்கு ஒரு சாறியாவது வாங்கிக்கொண்டு போங்கோ" என்பேன். பாதிப் பேர் வெட்கத்தில் வாங்கிவிடுவார்கள்.

நான் அற்புதமலர். அக்காவும் நானும் ஒரே கடையில் வேலை, லெ பிளாங்-மெனிலில் ஒரே கட்டடத்தில் வீடு. அதனால் நான் சொல்வதில் கேள்விப்பட்டது கொஞ்சம், கண்ணால் கண்டதுதான் அதிகம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்கா சண்டைக்காரி இல்லை. தும்மினால்கூட பக்கத்தில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள். நாற்பத்தெட்டு வயதில் அவருக்குப் பிஸ்ரல் பிடிக்க வந்தது முதுகுநோவால்.

எங்கள் ஊர் நகரசபை ஒவ்வொரு செப்டெம்பரும் விளையாட்டு மண்டபத்தில் மேசை போட்டு, எல்லாச் சங்கங்களையும் கூப்பிட்டு ஆள் சேர்க்கும். 2014இல் அக்கா, முதுகுநோவுக்கு நல்லதென்று நீச்சலுக்குப் பதியப் போனார். கூடவே அவருடைய கீழ்வீட்டு சுசான். நீச்சல் மேசைக்கு முன்னால் ரேஷன் கடை வரிசை. பக்கத்து மேசையில் ஒரு ஈ காக்கையும் இல்லை. அங்கே எமில் என்ற பெரிய மீசைக்காரர், காற்றழுத்தப் பிஸ்ரலும் சுடுகிற அட்டையுமாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். சும்மா நிற்கிற நேரத்துக்கு ஒருமுறை சுட்டுப் பார் என்று சுசான்தான் அக்காவைப் பிடித்துத் தள்ளினார்.

அக்கா சுட்டார். எமில் அட்டையை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், மறுபடியும் பார்த்தார். ஓட்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. "இதற்கு முன் எங்கே பழகினீர்கள்?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துத் தமிழரிடம் கேட்கிற கேள்வியா அது! சுற்றி நின்ற எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒன்றும் கேட்காதவர்கள் போலக் கூரையைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பதறாமல், "நான் சட்டைக்குக் கல் பதிக்கிறனான்" என்றார். அதை எமிலுக்கு விளங்கவைக்க சுசான் பட்ட பாடு பெரும்பாடு.

அடுத்த இரண்டு வருடமும் ஒவ்வொரு ஞாயிறும் அக்கா கிளப்புக்குப் போனார். முதுகுநோ எங்கே போனதென்று தெரியவில்லை. மாவட்டப் போட்டியில் பெண்கள் பிரிவில் மூன்றாவதாக வந்து ஒரு பதக்கமும் வாங்கினார். அப்போதுதான் எமில், கிளப்புப் பிஸ்ரல் பெரிய கைக்குச் செய்தது, உங்கள் கைக்கு அளவாகச் சொந்தமாக ஒன்று இருந்தால் வசந்தகாலத்தில் பிராந்தியப் போட்டிக்கே அனுப்புவேன் என்றார். சொந்தப் பிஸ்ரலுக்கு அரசாங்க அனுமதி வேண்டும். அந்த அனுமதி கேட்பதற்கு முன் வீட்டில் பூட்டிவைக்க இரும்புப் பெட்டி இருப்பதைக் காட்ட வேண்டும்.

பெட்டி வாங்குவது பெரிய காரியமில்லை. வீட்டுக்காரர்தான் பெரிய காரியம்.

அக்காவின் புருஷன் வாமதேவன் அண்ணை பேக்கரியில் பாண் போடுகிறவர். ஊர் உறங்கும்போது வேலைக்குப் போவார், மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும்போது வீட்டுக்கு வந்து படுப்பார். கிளப்புக்குப் போவதை அவர் ஒருநாளும் தடுக்கவில்லை. பதக்கத்தைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியதும் அவர்தான். ஆனால் வீட்டுக்குள் பிஸ்ரல் என்றதும் மனிதர் துள்ளி எழும்பிவிட்டார்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்தனாங்கள். இப்ப நீர் காசு குடுத்து அதை வீட்டுக்குள்ளை கொண்டு வரப் போறீரோ? வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியுக்கை விட்ட கதையெல்லோ இது! துவக்கு இருக்கிற வீட்டிலை எனக்கு நித்திரை வராது."

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றாலும் எனக்குப் போன் வந்தது. கடைசியில் அண்ணை இறங்கிவந்து ஒரு நிபந்தனை வைத்தார். பெட்டியை அவர்தான் தெரிவுசெய்வார். அதற்கு ஓம் என்ற அக்கா கடையில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"மலர், மனிசன் நித்திரையில்லாமல் போறணை நெருப்புக்கு முன்னாலை நிண்டு கையைச் சுட்டுக்கொண்டால் எனக்கு மெடல் என்னத்துக்கு? பெட்டியை வாங்கிப் பாப்பம். பிஸ்ரல் வந்த பிறகும் அவருக்கு நித்திரை வராட்டி நான் அதைத் திருப்பிக் குடுத்திடுவன். கிளப்பிலை சுடுறதே எனக்குப் போதும்."

சொல்லிவிட்டு, பதித்த கல் ஒன்றைப் பிடுங்கி அதே இடத்தில் மறுபடியும் பதித்தார். அவர் ஒரு கல்லை இரண்டுதரம் பதித்து நான் கண்டதில்லை.

அடுத்த திங்கள் சென் தெனியில் பூட்டும் பெட்டியும் விற்கிற கடைக்கு மூவரும் போனோம். மொழிபெயர்க்கத்தான் என்னைக் கூட்டிப் போனார்கள். பிரெஞ்சுக்கு இல்லை, கடையில் சாமான் வாங்குமளவுக்கு அது இரண்டு பேருக்கும் வரும். புருஷனுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் மொழிபெயர்க்க.

கடைக்காரப் பையன் பிலிப் நல்லவன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். சிறிய கறுப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தான். "விரலை வைத்தால் போதும். இரண்டு செக்கனில் திறக்கும். இருட்டிலும் திறக்கும்!"

அண்ணை பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஏன் ரெண்டு செக்கன் எண்டு கேள் மலர். சுடுறது அட்டையை. அட்டை என்ன எழும்பி ஓடப்போகுதோ?"

பிலிப்பிடம் நேரே திரும்பிப் பிரெஞ்சில் கேட்டார்: "உங்களிடம் இருக்கிறதிலேயே மெதுவாகத் திறக்கிற பெட்டி எது?"

அப்படி ஒருவரும் அவனைக் கேட்டதில்லைப் போலும். உள்ளே போய் மேலாளரைக் கேட்டு வந்து, சுழற்றுகிற இலக்கமும், துளைக்குள் விட்டுத் திருப்ப இரண்டு திறப்பும் கொண்ட ஒரு பெரும் பூதத்தைக் காட்டினான். அதைத் திறக்க அவனுக்கே நெற்றி வியர்த்தது. அண்ணைக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாலு மாடி தூக்குவது யார் என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை.

அக்காவுக்கும் பொறுமை போய்விட்டது. "மலர், அவரிட்டைச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை கிளப்பாலை வந்து நான் சப்பாத்துக் கழட்ட முந்தியே ஆரும் மணி அடிப்பினம். லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வந்த சனம் ஒருத்தராவது போன் பண்ணிப்போட்டு வருகினமோ? நான் இந்தப் பூதத்துக்கு முன்னாலை நிண்டு இலக்கம் சுத்திக்கொண்டிருக்க, உங்கடை மச்சாள் நேர அறைக்குள்ளை வந்து நிப்பா. கெதியா எடுக்க இல்லை, கெதியா உள்ளை வைக்கத்தான் எனக்கு உந்தச் சின்னப் பெட்டி வேணும்!"

சரியான நியாயம். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது, அதிலும் அந்த மச்சாளின் வாய் தனி ரகம். நான் மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் அண்ணைக்கே விளங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "உதை ஆரும் திறக்கலாமெல்லோ? விரல் எல்லாருக்கும் இருக்குத்தானே?"

இதை மட்டும் நான் பிரெஞ்சில் சொன்னேன். பிலிப்புக்கு உற்சாகம் வந்தது. அக்காவின் பெருவிரலைப் பெட்டிக்குப் பழக்கினான். பச்சை வெளிச்சம், 'டக்' என்று மூடி எழும்பியது. பிறகு அண்ணையின் விரலை வைக்கச் சொன்னான். சிவப்பு. "பார்த்தீர்களா, தெரியாத விரலுக்குத் திறக்காது. விரும்பினால் உங்கள் விரலையும் பழக்கலாம்" என்றான். அனுமதி உள்ளவர் மட்டுமே திறக்க வேண்டும் என்று எமில் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். "சும்மா செய்து காட்டுகிறேன், பிறகு அழித்துவிடுவேன்" என்று அவன் அண்ணையின் பெருவிரலைப் பிடித்து அழுத்தினான்.

பெட்டி ஏற்கவில்லை. துடைத்து வைத்தான், ஏற்கவில்லை. சுட்டுவிரல், நடுவிரல், இடது கை என்று பத்து விரலும் வைத்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு வெளிச்சமும் ஒரு கோபமான 'பீப்' சத்தமும். பிலிப் அண்ணையின் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இருபது வருடமாக மாவும் சூட்டுத் தட்டும் தேய்த்த விரல்கள். நுனியில் ரேகை என்று சொல்ல ஒன்றுமில்லை, சவர்க்காரக் கட்டி போல வழுவழுவென்று இருந்தன. பையன் பாவம், அவமானப்படுத்திவிட்டோமோ என்று பதறிப்போனான். "மன்னியுங்கள் ஐயா, உங்கள் விரலை இந்தப் பெட்டியால் ஒருநாளும் படிக்க முடியாது. இலக்கம் அமத்துகிற வகை ஒன்று இருக்கிறது..."

"வேண்டாம்!" அண்ணை போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. "இதுதான். இந்தப் பெட்டிதான். எனக்கு ஒருநாளும் திறக்காது. இதைக் கட்டுங்கள்."

பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோசம் முகத்தில். அவசரத்துக்குத் திறக்கிற திறப்பு இரண்டையும் அந்த இடத்திலேயே அக்காவிடம் கொடுக்க வைத்தார். அக்கா ஒன்றைத் தாலிக்கொடியில் கோர்த்துக்கொண்டார். மற்றதைத் துலூசில் படிக்கிற மகளுக்கு அனுப்புவதாக முடிவாயிற்று. பிறகு அண்ணை பெட்டியைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பஸ் தரிப்பிடத்தில் அக்கா என்னை விட்டுவிட்டு அவரிடம் நேரே கேட்டார். குரலில் கொஞ்சம் நோவு இருந்தது. "என்னப்பா, உங்களுக்குத் திறக்காதெண்டதிலை அப்பிடி என்ன சந்தோசம்? நான் என்ன உங்களைச் சுடவோ போறன்?"

அண்ணை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"எனக்குப் பதினேழு வயசு. ஆரோ ரெண்டு பேர் வந்து ஒரு துவக்கைச் சாக்கிலை சுத்தி எங்கடை வீட்டிலை வைச்சிட்டுப் போட்டினம். வேண்டாமெண்டு சொல்லேலாத காலம். அடுத்த நாள் எனக்கும் என்ரை அண்ணைக்கும் சைக்கிளுக்குச் சண்டை. அவர் கன்னத்திலை அறைஞ்சு போட்டார். நான் நேர போய் அந்தச் சாக்கை அவிட்டனான்."

"பிறகு?" அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"அம்மா சோறு போட்டிட்டுக் கூப்பிட்டா. சாக்கைத் திருப்பிக் கட்டிப்போட்டுப் போய்ச் சாப்பிட்டன். அவ்வளவுதான். அண்ணை இப்பவும் லண்டனிலை இருக்கிறார், என்னைக் கண்டால் அந்தச் சைக்கிள் கதைதான். ஆனா அண்டைக்கு அம்மா கூப்பிடாட்டி?" அண்ணை இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "உம்மடை பிஸ்ரலுக்கு நான் பயப்பிடேல்லை மிருணா. என்ரை கைக்குத்தான் பயம்."

இத்தனை வருடத்தில் அந்த இருவரும் தெருவில் கைகோர்த்து நான் கண்டதில்லை. அன்று அக்கா அந்த வழுவழுத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இந்தக் கையோ? பாணை வெட்டவே ரெண்டுதரம் யோசிக்கிற கை" என்றார். அழுதபடியே சிரித்தார். நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஒளித்து என்ன?

பெட்டி அவர்கள் படுக்கையறை அலுமாரிக்குள் கொங்கிறீற்றுச் சுவரில் ஏறியது. துளை போட்ட சத்தத்தில் சுசான் விளக்குமாற்றால் கீழிருந்து இடித்தார், பிறகு மேலே வந்து தானும் ஒரு ஆணி முடுக்கினார். அனுமதி வர மாதங்கள் போயின. அண்ணையின் வாயும் அடங்கவில்லை. சண்டை வந்தால், "கவனம், இந்த வீட்டிலை ஆயுதம் இருக்கப் போகுது" என்று தானே தன் பெண்சாதியைப் பயமுறுத்துவார்.

மாசியில் ஒரு ஞாயிறு அக்கா தன் சொந்தப் பிஸ்ரலோடு வீட்டுக்கு வந்தார். நினைத்தபடியே அவர் சப்பாத்துக் கழட்டுமுன் மணி அடித்தது. வாசலில் கையில் மீன் பையோடு மச்சாள். மச்சாள் இரண்டாம் முறை மணியை அமத்துமுன் பிஸ்ரல் உள்ளே, மூடி பூட்டு, அக்கா வாசலில். மச்சாளுக்குத் தெரிந்ததெல்லாம் மீனுக்கு வெங்காயம் போதாது என்பதுதான்.

ஆனால் உண்மையான சோதனை அடுத்த நாள். அண்ணை வேலையால் வந்து, அந்த வீட்டில் முதன்முறையாகத் துவக்கோடு படுக்க வேண்டும். காலையில் இருந்தே அக்கா கடையில் நிலைகொள்ளவில்லை. ஒரு சட்டைக்குக் கல்லைத் தலைகீழாகப் பதித்தார், இன்னொன்றின் கையை வெட்டிக் குட்டையாக்கினார். மத்தியானம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "மலர், நான் ஒருக்கா வீட்டை போயிட்டு வாறன்" என்று சொல்லி ரெயிலுக்கு ஓடினார். அவர் பையில், பிஸ்ரலைத் திருப்பிக் கொடுக்க எமிலுக்குச் சொல்ல வேண்டிய வசனம் பிரெஞ்சில் எழுதிய துண்டு இருந்தது. எழுதிக் கொடுத்ததே நான்தான்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. நான் கலியாணக் கூறைச் சாறி வாங்க வந்த ஒரு கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அக்கா? என்னக்கா? முழிச்சோ இருக்கிறார்?"

அக்கா மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "பொறு, கேள்" என்றார்.

போனை எதற்கோ கிட்டப் பிடித்தார். கதவாகத்தான் இருக்க வேண்டும். அதற்குள்ளிருந்து வந்தது ஒரு குறட்டை. சின்னக் குறட்டை இல்லை. மாவு பிசைகிற மெசின் பழுதானால் வருமே, அப்படி ஏறி, நின்று, இறங்கி, மறுபடி ஏறுகிற குறட்டை.

"மூண்டாம் மாடிப் படியிலேயே கேட்டுது மலர்" என்று அக்கா கிசுகிசுத்தார். "வெளியிலைதான் இருக்கிறன். படியிலை."

"உள்ளை போங்கோவன்."

"மாட்டன். திறப்புச் சத்தத்துக்கு எழும்பிப்போடுவார். இன்னுங் கொஞ்சம் இருந்து கேக்கிறன்."

கூறை எடுக்க வந்த பெண்ணின் தாய், அது என்ன சத்தம் என்று என்னைக் கேட்டார். நான் போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தேன், சரிகை விரித்திருந்த சாறிகளுக்கு நடுவில். வாமதேவன் அண்ணை நித்திரை கொண்டார், நாங்கள் எல்லாரும் நின்று கேட்டோம்.