அவர் பந்து விழுந்த இடம்

கோல்ஃபில் ஜோடிப் போட்டி என்றாலும் எனக்கு என் ஆட்டம் மட்டும்தான் கண்ணில் படும். அந்தத் திமிர் திருவனந்தபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடங்கியது.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஜோடியாக வந்தவர் ஷைலஜா. விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்; கோல்ஃப் பழகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை இருவரும் அடிக்க வேண்டும். நல்ல இடத்தில் விழுந்த பந்திலிருந்து ஆட்டம் தொடரும். ஆனால் ஒன்பது குழிகளில் ஒவ்வொருவரின் முதல் அடியையும் மூன்று முறையாவது எடுத்தாக வேண்டும்.

"சாரே, என்னோடது மூணு எடுக்கணும் கேட்டோ," என்று மலையாளம் கலந்த தமிழில் முதலிலேயே நினைவூட்டினார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

முதல் ஆறு குழிகளிலும் என் பந்தையே எடுத்தேன். முன்னணியில் இருந்தோம். ஏழாவதில்தான் உறைத்தது: இனி மூன்றும் அவருடையதுதான். கோப்பை போச்சு என்று தலையில் கைவைத்தேன்.

ஷைலஜா அடித்தார். பெரிய சத்தமே இல்லை. பந்து இரண்டு மரங்களுக்கு நடுவே நூல் பிடித்தது போல நேராகப் போய், புல்வெளியின் நட்டநடுவில் நின்றது. எட்டாவதிலும் அப்படியே. ஒன்பதாவதிலும் அப்படியே. எனக்கு மெய்சிலிர்த்தது.

"இப்படி அடிக்க எப்போ படிச்சீங்க?"

அவர் சிரித்தார். "காலையில இருந்தே இப்படித்தானே சாரே அடிக்கறேன்."

ஆறு குழிகளில் ஒருமுறைகூட அவர் பந்து எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை.

கோப்பை ஒரே அடி வித்தியாசத்தில் கைநழுவியது. ஒன்பதாவது குழிக்குள் பந்தைத் தள்ள வேண்டிய கடைசி அடியைத் தவறவிட்டவன் நான்தான். இப்போதெல்லாம் அடித்ததும் நான் நடக்கத் தொடங்குவதில்லை. ஜோடியின் பந்து தரையில் விழும்வரை நின்று பார்க்கிறேன்.