தலைவரின் சட்டைப்பையில் இருந்த முள்

போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் தலைவருக்கு ‘சமாதானச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் என்றால் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். இப்போது எழுபது வயதாகிறது. மேட்டு லயம், பணிய லயம் என்ற இரண்டு வரிசைக் குடியிருப்புகளையும் வெட்டுக்குத்திலிருந்து காப்பாற்றி ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்க வைத்த மனிதர் என்று ஒலிபெருக்கியில் ஒருவர் முழங்கினார். கூட்டம் கை தட்டியது. பாயின் கடைசியில் உட்கார்ந்திருந்த என் அத்தையும் கை தட்டினாள். மஸ்கெலியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள், விபூதிகூட வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அந்தச் சண்டை நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அப்பா, சித்தப்பா, அத்தை, நான் நான்கு பேரும் மலையின் கீழ்ப்பக்கம் இருந்த பணிய லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தோம். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு லயத்துக் குழந்தைகளும் அத்தையின் தொட்டில்களில்தான் வளர்ந்தன. எவனுக்குப் பல் முளைத்தது, எவள் குப்புற விழுந்தாள் என்று ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் அதே பேச்சுதான். மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறாமல் கிடைத்த வேலை அது. அதைவிட அவளுக்கு வேறு பெருமை கிடையாது.

மாசி வெயிலில் ஊற்று வற்ற ஆரம்பித்தது. காட்டுக்குள் இருக்கும் அந்த ஊற்றிலிருந்து இரண்டு கறுப்பு ரப்பர்க் குழாய்கள் வந்தன. ஒன்று மேட்டு லயத்துப் பீலிக்கு, ஒன்று எங்கள் பீலிக்கு. ஒரு நாள் காலையில் மேட்டு லயத்துப் பீலியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. போய்ப் பார்த்த ஆள் குழாய் அறுந்து கிடக்கிறது என்றான். பணிய லயத்துக்காரன் வெட்டிவிட்டான் என்று முடிவு செய்ய அவர்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பதிலுக்கு எங்கள் குழாயை ஐந்து துண்டாக வெட்டினார்கள். கேட்கப் போன சித்தப்பாவின் மண்டை உடைந்தது. சித்தப்பா அடித்த அடியில் மேட்டு லயத்து இளைஞன் ஒருவனுக்குக் கை முறிந்தது. அவனுடைய ஆறு மாதப் பிள்ளை அத்தையின் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

அதன்பிறகு இரண்டு லயத்துக்கும் தண்ணீர் இல்லை. ஒரு பக்கம் குழாய் இழுக்கப் போனால் மறு பக்கம் கல்லெறிந்தது. பெண்கள் கொழுந்து மலையிலிருந்து வந்த கையோடு பள்ளத்து ஆற்றுக்கு இறங்கி, குடத்தைச் சுமந்துகொண்டு ஏறினார்கள். ஆண்கள் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தார்கள்.

சண்டை நடந்து நாலாம் நாள் விறகு பொறுக்க அத்தையோடு காட்டுக்குப் போனேன். அறுந்த குழாய் புதருக்குள் கிடந்தது. அத்தை அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது வெட்டு இல்லை. கடி. நுனி முழுக்கப் பல் தடம். பக்கத்திலேயே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள்ளம்பன்றி முள் கிடந்தது. தண்ணீர் கிடைக்காத மிருகம் குழாயைக் கடித்துக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

அத்தை விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். “இதுக்காடி மண்டைய ஒடச்சிக்கிட்டானுங்க?” என்று என்னிடம் கேட்டாள். நான் முள்ளை எடுத்துக்கொண்டேன்.

அப்பா முள்ளைப் பார்த்தார். “இதக் கொண்டுபோயி காட்டுனா, பயந்துட்டோம், கத வுடுறோம்னு சொல்லுவான். பேசாம இருங்கக்கா” என்றார். அவ்வளவுதான். அத்தை விடவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள். தலைவர் முள்ளை வாங்கிப் பார்த்தார். அதன் மழுங்கின முனையால் காதைக் குடைந்தார்.

“நல்ல முள்ளு” என்றார். “தங்கச்சி, நீ சொல்றது நெசந்தான். ஆனா ரெண்டு பக்கமும் ரத்தம் வந்துருச்சே. இப்ப முள்ளம்பன்றின்னு சொன்னா ரெண்டு லயமும் கிறுக்கனுங்கன்னு ஆயிரும். அத எவன் ஒத்துக்குவான்? கை ஒடஞ்சவனுக்கு ஒரு ஆளு வேணும்.”

“இல்லாத ஆளுக்கு எங்கங்க போறது?”

“அதான் நானும் யோசிக்கிறேன். நம்ம பக்கத்து ஆம்பள எவனாச்சும் ஒத்துக்கிட்டா அங்கேயே வெட்டிப் போட்டுருவானுங்க.” சொல்லிக்கொண்டே முள்ளைச் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார். அதை எனக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

மறு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாங்கள், நடுவில் தலைவரும் டவுனிலிருந்து வந்த ஒரு பிரதேச சபை மெம்பரும். இரண்டு தரம் பிளேன்டீ கொடுத்தும் பேச்சு ஓர் அங்குலம் நகரவில்லை. கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தவன் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: “வெட்டுன ஆளக் காட்டு. காட்டிட்டு தண்ணியப் புடி.” எங்கள் பக்கத்தில் எல்லோரும் வெட்டவில்லை என்றார்கள். சித்தப்பா தலைக்கட்டோடு எழுந்தார். அந்தப் பக்கம் நாலு பேர் எழுந்தார்கள். அதில் ஒருவன் இடுப்புத் துணிக்குள் கை விட்டதை நான் பார்த்தேன்.

நான் தலைவரின் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் அங்கேதான் இருந்தது. நுனி வெளியே தெரிந்தது. இதோ எடுத்துக் காட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“நாந்தான் வெட்டுனேன்” என்று அத்தை சொன்னாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு வாழ்க்கையில் எத்தனையோ பார்த்துவிட்டேன், அந்த மாதிரி ஒருநாளும் திடுக்கிட்டதில்லை. அத்தை நடுவில் போய் நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். எங்கள் பீலியில் தண்ணீர் நூலாக வந்தது, ஆத்திரத்தில் கொத்திவிட்டேன் என்றாள்.

“எதால கொத்துன?” என்று மாவுக்கட்டுக்காரனின் பெண்டாட்டி கேட்டாள்.

“கத்தியாலதான். வேற எதால? பல்லாலயா கடிப்பாங்க?”

இரண்டொருவர் சிரித்தார்கள். நான் எழுந்துவிட்டேன். வாய் திறக்கும் முன் அப்பா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்த மனிதர். தலைவரைப் பார்த்தேன். அவர் கை சட்டைப்பைக்குப் போனது. அப்பாடா என்று நினைத்தேன். முள்ளைத் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தார். ஒப்பந்தம் எழுத ஆரம்பித்தார்.

அந்தப் பெண் வந்து அத்தையின் காலடியில் காறித் துப்பினாள். “இந்தக் கையிலயா எம்புள்ளைய குடுத்தேன்” என்றாள். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவனான மாவுக்கட்டுக்காரன் காலில் அத்தை விழுந்து எழுந்தாள். பொம்பளை என்பதால் யாரும் கை வைக்கவில்லை. புதுக் குழாய் தானே தருவதாக மெம்பர் சொன்னார். இரண்டு லயத்துக்கும் நடுவில் ஒரே பீலி என்று முடிவானது. வெட்டியவள் அடுத்த திருவிழா வரை அங்கே கடைசி ஆளாகத்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று தலைவர் எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். இடுப்புத் துணிக்குள் கை விட்டவன் வெறுங்கையை வெளியே எடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் பொய் சொன்னீங்க என்று அழுதுகொண்டே கேட்டேன். அத்தை அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

“முள்ளம்பன்றி வந்து மன்னிப்புக் கேக்குமாடி?” என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் மேட்டு லயத்துத் தாய்மார் ஒருத்திகூடப் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. இரண்டு நாளில் தோட்டத்தை நடத்தும் தொரை அத்தையைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து எடுத்து மலைக்கு அனுப்பிவிட்டார். நாற்பதை நெருங்கும் வயதில் கூடையை மாட்டிக்கொண்டு போனாள். மாலையில் வந்து காலில் ஒட்டியிருந்த அட்டைகளுக்கு உப்பு வைப்பாள். குழந்தைகளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் என்னை ‘குழாய்வெட்டி மருமக’ என்றார்கள்.

சித்திரையில் புதுப் பீலி திறந்தார்கள். வாழைமரம் கட்டி, தேங்காய் உடைத்து, தலைவர் தன் கையால் குழாயைத் திருகினார். தண்ணீர் கையளவு தடிமனில் பாய்ந்தது. யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைத்தான் போன மாதம் பெரிதாக்கி மேடையில் கட்டியிருந்தார்கள். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். இரண்டு மாதம் ஆற்றுத் தண்ணீர் சுமந்தவள், தட்டாமல் என்ன செய்வேன்?

பிறகு வரிசை நின்றது. இரண்டு லயத்துப் பெண்களும் கலந்து நின்று, புதிதாகச் சம்பந்தம் முடித்தவர்கள் மாதிரிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை எல்லோருக்கும் பின்னால், குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“புள்ள, எங்கூட நில்லு. கொடத்தத் தூக்கி வுட ஆளு வேணும்” என்றாள்.

மேட்டு லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். மாவுக்கட்டுக்காரனின் பெண்டாட்டி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். “வா புள்ள, நீ என்னா செஞ்ச பாவம்” என்று தனக்கு முன்னால் எனக்கு இடம் விட்டாள். குடம் நிறைந்தது. திரும்பி வரும்போது அத்தையைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. தண்ணீர் சிந்தாமல் பார்ப்பது போலக் குனிந்துகொண்டே தாண்டி வந்தேன்.

பொய் சொன்னவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்துவது எங்கள் டீச்சரின் வழக்கம். அன்றைக்கு எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.