அல்போன்சா கேட்ட கேள்வி

மடிவாளா சிக்னலில் பச்சை விழுந்த நேரம் பார்த்து அல்போன்சாவின் பழைய ஃபியட் அணைந்துபோனது. பின்னால் நின்ற கம்பெனி பஸ்கள் ஹாரனில் கை வைத்தன.

அணைந்த வண்டியைக் கிளப்புவது மற்றவர்களுக்குச் சின்ன வேலை. அவளுக்கு அப்படியில்லை. குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் வலது கால் சூம்பிவிட்டது. அதனால் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் ஓர் இரும்பு நெம்புகோல் பொருத்தியிருந்தாள். இழுத்தால் ஆக்ஸிலேட்டர், தள்ளினால் பிரேக். கிளட்சுக்கு இடது கால்; ஸ்டியரிங்கும் கியரும் இடது கையின் பொறுப்பு. வண்டி அணைந்தால் சாவியைத் திருப்பவேண்டும், பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்துப் பிடிக்கவேண்டும், அதே மூச்சில் நெம்புகோலையும் லேசாக அசைக்கவேண்டும். இருப்பதோ இரண்டு கை.

"காடி தெகீரி அம்மா, தெகீரி!" என்று வண்டியை எடுக்கச் சொல்லிப் போக்குவரத்துப் போலீஸ்காரர் கையை வீசினார்.

"தெகீத்தீனி சார், ஒந்து நிமிஷ" என்று ஒரு நிமிஷம் கேட்டுக் கன்னடத்திலேயே பதில் சொல்லிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பினாள். வண்டி இருமியது, உறுமியது, நகர்ந்தது. அதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது.

இது நடந்தது 2003 டிசம்பரில். அல்போன்சா கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்துப் பெங்களூருக்கு வந்து, விவேக் நகரில் தங்கை ஹெலன் குடும்பத்தோடு இருந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய கம்பெனியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் முழுக்க அவள் பொறுப்பில் இருந்தது. ஒயர் செருகும் பழைய பலகை போய்க் கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்ச் வந்தபோது கூட வேலை பார்த்தவர்கள் மிரண்டார்கள். அவள் மட்டும் தடித்த கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யார் மேஜையில் மணி அடிக்கவேண்டும், எடுக்காவிட்டால் அழைப்பு எங்கே தாவவேண்டும் என்று எண்களாகத் தட்டினால் அந்த இயந்திரம் சொன்னபடி கேட்டது. அவளுக்கு அது ஒரு தீராத வேடிக்கை.

அன்று சாயங்காலம் வண்டியை ஆஸ்டின் டவுனில் தாஸின் ஷெட்டுக்கு விட்டாள். தாஸும் தங்கவயல்காரன்தான்.

"கார்புரேட்டர் தேஞ்சி போச்சிக்கா. எத்தினி தபா கழுவறது? பேசாம புச்சா ஒரு வண்டி எடுத்துக்க."

"புது வண்டில இந்த லிவரு யாரு வெச்சித் தருவாங்க? என் கைக்கு அளவெடுத்து செஞ்சது இது. திரும்ப ஆர்டிஓ ஆபீசுக்கு நான் அலையணுமா?"

"அதுவும் சரிதான்" என்ற தாஸ், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "புது வண்டிங்கள்ல சோக்கே கெடையாதுக்கா. கம்ப்யூட்டரே எல்லாத்தியும் பாத்துக்குது" என்றான்.

"அந்தக் கம்ப்யூட்டர இதுல வெச்சா என்ன?"

தாஸ் வாய்விட்டுச் சிரித்தான். அல்போன்சா சிரிக்கவில்லை.

மறுநாள் காண்டீனில் பாலகுமாரைப் பிடித்தாள். ஈரோட்டுப் பையன், அதே கம்பெனியில் சாஃப்ட்வேர் எஞ்சினியர்; விடுமுறை நாட்களில் கார் ராலி ஓட்டுகிறவன்.

"தாராளமா வெக்கலாங்க மேடம்" என்றான் உடனே. "தனியாவே விக்கறாங்க. உள்ள எவ்வளவு காத்துப் போகுது, எஞ்சின் எவ்வளவு சூடா இருக்குது, எவ்வளவு வேகமாச் சுத்துதுன்னு பார்த்து, பெட்ரோல் எவ்வளவு, பொறி எப்பன்னு அந்தப் பெட்டியே முடிவு பண்ணிக்கும். அதுக்கான நம்பரையெல்லாம் நாமளே லேப்டாப்புல போட்டுக்கலாங்க."

"எங்க எக்ஸ்சேஞ்ச் மாதிரி."

பாலகுமார் கொஞ்சம் யோசித்தான். "ஆமாங்க, கிட்டத்தட்ட அப்படித்தான்."

அதற்குப் பிறகு மதிய இடைவேளைகளில் அவள் சாப்பிட்டதைவிடப் படித்தது அதிகம். கடைசியில் மூன்று பெட்டிகள் மிஞ்சின. ஒன்று, பாலகுமார் மனசு வைத்திருந்த பந்தயப் பெட்டி. அதில் இல்லாத வசதி இல்லை. ஆனால் நம்பர்களை விற்பவரின் ஆள்தான் போடுவார், கடவுச்சொல் அவரிடமே இருக்கும். இரண்டாவது, அமெரிக்காவில் சில ஆர்வலர்கள் இணையத்தில் கூடி உருவாக்கியது; உதிரிகளாக வரும், நாமே பற்றவைத்துக்கொள்ளவேண்டும். மூன்றாவது, ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னப் பட்டறை செய்தது. பார்க்கச் சோப்பு டப்பா மாதிரி இருந்தது.

"பந்தயப் பெட்டிதாங்க மேடம். கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றான் பாலகுமார்.

"நான் பந்தயத்துக்கா போறேன்? நான் மடிவாளா போறேன் பாலா" என்றாள். வசதிகளின் பட்டியலை ஒப்பிட்டுக் களைத்திருந்த அவளுக்கு அப்போது ஒன்று தோன்றியது. மூன்று பேருக்கும் ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினாள்: நான் சிக்னலில் நிற்கும்போது, எஞ்சின் சூட்டைச் சொல்லும் ஒயர் அறுந்துபோனால் உங்கள் பெட்டி என்ன செய்யும்?

பந்தயப் பெட்டிக்காரர் ஒரே வரியில் பதில் எழுதினார்: எங்கள் ஒயர் அறுகாது மேடம்.

இணைய ஆர்வலர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். ஒயர் அறுந்தால் எஞ்சின் பனிக்கட்டியாக உறைந்திருக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும்; பெட்ரோலைக் கொட்டும்; வண்டி மூச்சுத் திணறி அணையும். அதற்கு என்ன மாற்று என்று அவர்களுக்குள்ளேயே ஒரு சண்டை வேறு நடந்தது. அல்போன்சா அதை ரசித்துப் படித்தாள்.

ஆஸ்திரேலியப் பட்டறையிலிருந்து பதில் தாமதமாகத்தான் வந்தது. அந்த மனிதர் தன் மேஜையில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் ஒயரை நிஜமாகவே பிடுங்கிப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். பெட்டி ஒரு விளக்கை ஏற்றும். நீங்கள் முன்கூட்டிக் கொடுத்த சூட்டின் அளவை வைத்துக்கொண்டு ஓட்டும். பிடுங்கியபோது எஞ்சின் கொஞ்சம் தடுமாறியது, ஆனால் அணையவில்லை.

"இவருதான்" என்றாள் அல்போன்சா.

"இதுல பாதி வசதி இல்லீங்களே மேடம்."

"பரவாயில்ல. கேட்டதும் போய்ப் புடுங்கிப் பாத்தாரு பாருங்க."

பெட்டி வந்தது. சிவாஜிநகர் குஜிரியில், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் அலைந்து, பெட்ரோல் பீய்ச்சும் பாகங்களைத் தாஸ் தேடிப் பிடித்தான். முதலில் முணுமுணுத்தவன், சுற்றை எண்ணுவதற்கான பல் வைத்த சக்கரத்தை எஞ்சின் முனையில் பற்றவைக்கும்போது யாரையும் கிட்டே விடவில்லை. எல்லாம் பொருந்திய காலையில் ஷெட் இன்னும் குளிர்ந்து கிடந்தது. அல்போன்சா சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரு சுற்றில் பிடித்துக்கொண்டது. யாரும் எதையும் இழுக்கவில்லை.

"இன்னாக்கா இது! பேய் கீய் பூந்துகிச்சா?" என்றான் தாஸ்.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. ஞாயிறன்று ஷெட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் பாலகுமார் ஓட்டிப் பார்த்து நம்பர்களைச் சரிசெய்தான். வண்டி வெண்ணெயாகப் போனது. அல்போன்சா உட்கார்ந்து நெம்புகோலை இழுத்ததும் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. மறுபடி பாலகுமார் ஓட்டினால், வெண்ணெய். இப்படி மூன்று ஞாயிறு போயிற்று.

"எனக்குத்தான் ஓட்டத் தெரியல போலிருக்கு" என்று அன்று வீட்டில் ஹெலனிடம் சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே தலையை ஆட்டிக்கொண்டாள். இத்தனை வருஷமாக ஓட்டிய வண்டி. அது எப்படி?

அடுத்த ஞாயிறு மைதானத்தில் பாலகுமாரிடம், "பாலா, இன்னிக்கு கால மடக்கி வெச்சிக்குங்க. லிவர்லயே ஓட்டுங்க" என்றாள்.

அவன் நெம்புகோலை இழுத்தான். வண்டி எகிறிக் குதித்து அணைந்தது. இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை அவன் சிரித்துவிட்டான். "நான் இத்தன நாளா என் காலுக்கு டியூன் பண்ணிட்டு இருந்திருக்கறனுங்க!"

லேப்டாப்பில் இழுப்பின் வேகம் பதிவான கோட்டைப் பார்த்ததும் புரிந்தது. கால் மெதுவாக அழுத்துகிறது. கை கொஞ்சமாகத்தான் இழுக்கிறது, ஆனால் வெடுக்கென்று இழுக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் ஓட்டுகிறவர் முந்தப் பார்க்கிறார் என்று எண்ணிப் பெட்டி பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறது.

"லிவர்ல இன்னொரு ஓட்ட போட்டு, இழுப்ப மெதுவாக்கிடலாம்க்கா" என்றான் கூட வந்திருந்த தாஸ்.

"லிவருமேல கைய வெக்காத. நம்பர மாத்திப் பாப்போம்."

அன்று அவள் ஓட்டினாள், பாலகுமார் பக்கத்தில் உட்கார்ந்து நம்பர்களைத் தட்டினான். வெடுக்கென்று இழுக்கும்போது ஊற்றும் பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்தார்கள், துள்ளல் பாதியானது. இன்னும் குறைத்தபோது எஞ்சின் திக்கியது. ஒரு படி ஏற்றினார்கள். "இருங்க, இருங்க, தொடாதீங்க" என்றாள் அல்போன்சா. மைதானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். வண்டி அவள் கை சொன்னபடி போயிற்று. இன்னொரு சுற்றுக்குப் பாலகுமாரைக் கேட்கவே இல்லை.

அதன் பிறகு அவள் லேப்டாப் கற்றுக்கொண்டு, சின்னச் சின்ன நம்பர்களைத் தானே மாற்றத் தொடங்கினாள். ஒவ்வொன்றுக்கும் என்ன ஆகிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. "ஜெபமாலையைவிட அந்தப் பெட்டியத்தான் அதிகமா தொடுற" என்று ஹெலன் கடிந்துகொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு காலை, சில்க் போர்டு சிக்னலில் வண்டி தன்பாட்டுக்கு மெல்ல ஓடிக்கொண்டு நின்றது. ஏதோ நினைவில் அவள் முன்விளக்கைப் போட்டாள். விளக்கு இழுத்த மின்சாரச் சுமையில் எஞ்சின் சத்தம் ஒரு நூலளவு தாழ்ந்து, பெட்டி ஈடுகட்ட, யாரும் தொடாமலே நிமிர்ந்தது. அட! அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். தாழ்ந்தது, நிமிர்ந்தது. மறுபடி போட்டாள்.

முன்னால் நின்ற அம்பாஸிடர்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "ஏனம்மா, எதுக்கு லைட் அடிக்கற? நான் எங்க போறது, மேலயா?"

"உங்களுக்கு இல்ல சார், உங்களுக்கு இல்ல!" என்று சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தாள். பச்சை விழுந்தது. நெம்புகோலை இழுத்தாள்.